வயலில் பயறு, கடையில் துவரை

காவிரி கடலை எட்டும் கடைமடையில், காரைக்காலுக்கு வடக்கே, கோட்டுச்சேரி கொம்யூனைச் சேர்ந்த வரிச்சிக்குடியிலும் அதன் அண்டைக் கிராமங்களிலும், தை மாதத்தில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரமோ பத்து நாளோ இருக்கும்போதே, ஈரம் காயாத வயலில் நிற்கும் நெற்பயிரின் ஊடாக உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவது டெல்டா விவசாயிகளின் நெடுநாளைய வழக்கம். தனியாக உழவில்லை, தனியாக நீர்ப்பாய்ச்சல் இல்லை. நெல் விட்டுச் சென்ற ஈரத்தையும் இரவுப் பனியையும் ஆதாரமாகக் கொண்டே அந்தப் பயிர்கள் வளர்ந்து, பங்குனி, சித்திரைக்குள் பலன் தந்துவிடுகின்றன. இவ்வளவு சமீபத்தில் விளைகிற தானியம் வியாபாரியின் மூட்டையில் ஏறி வெளியூர் போய்விட, அதே ஊரின் அடுப்பில் கொதிக்கும் சாம்பாருக்கு வேண்டிய துவரம் பருப்போ கர்நாடகத்துக் கலபுரகியிலிருந்தும், மகாராஷ்டிரத்திலிருந்தும், அவையும் போதாமல் மியான்மர், மொசாம்பிக் போன்ற தூர தேசங்களிலிருந்தும் வந்து மளிகைக் கடைக்குச் சேருகிறது. மழை எங்கோ பொய்த்தால் இங்கே விலை ஏறுகிறது. 2015ஆம் ஆண்டின் பிற்பகுதியில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது, பருப்பில்லாமல் ரசமும் குழம்பும் வைத்துக்கொண்டு நாட்களைத் தள்ளிய குடும்பங்கள் இந்தக் கரையில் அநேகம்.

அப்போது பச்சைப்பயறை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால், ‘சாம்பாருக்குத் துவரைதானே’ என்பதே பதிலாக வரும். அந்தப் பதிலில் உள்ள பிடிவாதத்தைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன். ஒரு பதார்த்தத்துக்குரிய சாமான் கைக்கு எட்டாதபோது வேறொன்றை அறிந்து இடுவது, தரித்திரத்தின் அடையாளமன்று; அது சமையல் என்னும் வித்தையின் மையமான பாகம். சிக்கனத்தை விலைப்பட்டியலிலிருந்து தொடங்குகிறவர்கள் அளவைக் குறைப்பார்கள். பொருளின் குணத்திலிருந்து தொடங்குகிறவர்கள் பொருளை மாற்றுவார்கள். முன்னது தட்டைச் சிறிதாக்குகிறது. பின்னதால் தட்டு நிறைந்தே இருக்கிறது.

நம் சம்பிரதாயம் என்று நாம் இன்று போற்றும் சமையலே மாற்றங்களால் ஆனது என்பதற்கு வேறு சாட்சியம் தேட வேண்டுவதில்லை. பிராமண இல்லங்களில் சிரார்த்தத்தன்று நடக்கும் சமையலைக் கவனித்தால் போதும். அன்று மிளகாய் கிடையாது, மிளகுதான். தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் எதற்கும் இடமில்லை, வாழைக்காயும் பாகற்காயும் பிரண்டைத் துவையலும்தான். துவரம் பருப்பும் விலக்கு, பயத்தம் பருப்பும் உளுந்துமே அன்றைய இலையில் அதிகாரம் செலுத்துகின்றன. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கொண்டுவந்த மிளகாய், மிளகின் இடத்தை மெல்ல மெல்லக் கைப்பற்றியது. அதற்கும் வெகுகாலம் பிந்தி வந்த தக்காளி, புளியின் வேலையில் பாதியைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. பித்ருக்களுக்கான அந்த ஒரு நாள் மட்டும் பழைய அடுக்களை அப்படியே மிஞ்சி நிற்கிறது. மற்ற நாட்களிலெல்லாம் நாம் உண்பது, எந்தப் பாட்டியோ ஒரு காலத்தில் ‘இது இல்லாவிட்டால் அது’ என்று துணிந்ததன் பலனே.

இந்தத் துணிவு காரைக்கால் மண்ணுக்குப் புதிதன்று. 1861ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்ற அனுமதிக்கப்பட்ட துறைகளில் காரைக்காலும் ஒன்று. இங்கிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன ஜனங்கள், தெரியாத கறிகாய்களுக்கும் கிடைக்காத சரக்குகளுக்கும் நடுவே தங்கள் குழம்பை மறுபடி உண்டாக்கிக்கொண்டார்கள். கொத்தமல்லி, சீரகம், கடுகு, மஞ்சள், வெந்தயத்தோடு வறுத்த அரிசியையும் சேர்த்து இடிக்கும் ‘கொலம்போ’ப் பொடி இன்றும் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் சகல ஜாதி மக்களுக்கும் பொதுவான மசாலாவாக இருக்கிறது, ரீயூனியனிலோ முருங்கைக்கீரை இன்னமும் அன்றாடக் கீரை. மொழியைப் பெரும்பாலும் இழந்துவிட்ட அந்தச் சந்ததியார் குழம்பை இழக்காமலிருந்ததற்குக் காரணம், அதன் சாமான்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டிராமல் அதன் முறையைக் காப்பாற்றினார்கள் என்பதே.

முறை என்பது என்ன? குழம்புச் சட்டியில் விழுகிற ஒவ்வொரு பொருளும் ஒரு தொழிலைச் செய்கிறது. ஒன்று புளிப்புக்கு, ஒன்று கெட்டிப்புக்கு, ஒன்று கொழுப்புக்கு, ஒன்று போஷாக்குக்கு. எந்தத் தொழிலுக்காக அது போடப்படுகிறது என்று தெரிந்தவருக்கு, அதே தொழிலைச் செய்யக்கூடிய மற்றொன்றைத் தேடுவது எளிது. புளிப்பை எடுத்துக்கொள்வோம், இந்த விஷயத்தில் நமது நாட்டுக்கு ஈடாகச் செல்வம் படைத்த நாடுகள் குறைவு. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி ஏறியபோது, செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் அதை ஒரு பெரும் விபத்தாகவே வர்ணித்தன. ஆனால் தக்காளி வருவதற்கு முன்பே நன்றாக வைக்கப்பட்டுவந்த ரசத்துக்கு அது இல்லாமற்போனதால் என்ன குறை? புளியின் புளிப்பு கொதிக்கக் கொதிக்க நிலைத்து நிற்கும் தன்மையுடையது. ஆகையால் வற்றக் காய்ச்சும் குழம்புக்கு அதுவே உரியது. எலுமிச்சை அப்படியன்று, அடுப்பிலே வைத்துக் கொதிக்கவிட்டால் கசப்புத் தட்டும், அதிலுள்ள சி வைட்டமினும் வீணாகும், இறக்கி வைத்த பிறகே பிழிய வேண்டும். பருப்பு ரசத்துக்கும் கீரை மசியலுக்கும் இப்படி எலுமிச்சை சேர்ப்பது ருசிக்கு மட்டுமல்ல, கீரையிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு கிரகித்துக்கொள்வதற்கும் உதவும். மோரோ, தாளித்துச் சூடேற்றும் அளவுக்குத்தான் பொறுக்கும், கொதித்தால் திரிந்துவிடும்.

காரைக்காலம்மையாரின் மாங்கனித் திருவிழா நடக்கும் இந்த ஊரில் மாங்காயைப் பற்றி நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் சித்திரை, வைகாசியில் காற்றுக்கு உதிர்ந்து கிடக்கும் பிஞ்சுக் காய்களை உப்பிட்டுக் காயவைத்து மாவற்றலாக்கி வைத்துக்கொண்டால், ஐப்பசி மழையில் காய்கறி வரத்துக் குறையும்போது வற்றல் குழம்புக்கும் பருப்புக்கும் அது புளியின் செலவைப் பாதியாக்கும் என்பதை இளம் தலைமுறையினர் மறந்துவருகிறார்கள். இங்கே ஒரு நுட்பமும் உண்டு: எந்தப் புளிப்பானாலும், பருப்பு வேகும் முன் சட்டியில் விழக்கூடாது, புளிப்பு பட்ட பருப்பு மசியாமல் விறைத்து நின்று, பருப்பில் மிச்சம் பிடித்ததை எரிவாயுவில் தொலைத்துவிடும்.

மறுபடி பருப்புக்கு வருகிறேன். துவரையிலும் பயறிலும் உளுந்திலும் புரதம் ஏறக்குறைய ஒன்றே. நூறு கிராமுக்கு 22 முதல் 24 கிராம் வரை. அரிசியில் குறைவாயிருக்கும் லைசின் என்னும் அமினோ அமிலம் இம்மூன்றிலும் தாராளமாக உண்டு. பருப்பில் குறைவாயிருக்கும் மெத்தியோனைனை அரிசி ஈடுசெய்கிறது. சாதமும் பருப்பும் சேர்ந்து உண்ணும் நம் வழக்கத்தின் பெருமை துவரையால் வந்ததன்று, பருப்பு என்ற இனத்தால் வந்தது. ஆகவே சாம்பாரில் பாதித் துவரையும் பாதிப் பாசிப்பருப்புமாகத் தொடங்கலாம். பாசிப்பருப்பு விரைவில் வெந்துவிடும், அடிப்பிடிக்கும், ஆறினால் இறுகும். ஆகையால் தண்ணீர் சற்றுக் கூடுதலாகவும், அதன் இயல்பான இனிப்புக்கு ஏற்பப் புளி சற்றுக் குறைவாகவும் மிளகாய் ஒன்று கூடுதலாகவும் இருக்க வேண்டும். இட்லிக்கென்று சிற்றுண்டிச்சாலைகளில் ஊற்றப்படும் சாம்பாரில் பல இடங்களில் பாசிப்பருப்பே பிரதானம் என்பது, அதை வேண்டி வாங்கிச் சாப்பிடுகிறவர்களில் பலருக்குத் தெரியாது. முழுப் பச்சைப்பயறை வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுத்து, வேகவைத்து, சின்ன வெங்காயமும் மாங்காய்த் துண்டுமிட்டு வைக்கும் குழம்பு, துவரைக் குழம்பின் ஏழைச் சகோதரி அல்ல. அதற்கென்று ஒரு தனி ருசி உண்டு. தெற்கே திருநெல்வேலிச் சீமையில் தொலி உளுந்தையும் அரிசியையும் சேர்த்து ஆக்கி எள்ளுத் துவையலோடு உண்ணும் உளுந்தஞ்சோற்றை, உளுந்து மண்டிக் கிடக்கும் நமது டெல்டாவில் வீட்டுக்கு வீடு ஆக்காமலிருப்பது எனக்கு ஓயாத வியப்பு.

தேங்காய் விஷயம் இதைவிடச் சற்றுச் சிக்கலானது. 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனதையும், 2025இல் தேங்காய் விலை நாடெங்கும் ஏறியதையும் கண்டவர்கள், அரை மூடித் தேங்காயை அரைத்து ஊற்றும் பழக்கத்தை இனி நிலையான ஒன்றாக எண்ண முடியாது. தேங்காய் குழம்பில் கெட்டிப்பையும் கொழுப்பையும் மணத்தையும் ஒருங்கே தருகிறது. கெட்டிப்புக்குப் பொட்டுக்கடலையோ ஒரு கரண்டி வெந்த பருப்போ போதும். கொழுப்புக்கும் சேர்த்து வேண்டுமானால் வறுத்த நிலக்கடலை. மணத்துக்கு மட்டும் மாற்று இல்லை. எனவே அரைப்பதில் நிலக்கடலையை இட்டு, இறக்கும் சமயத்தில் ஒரு ஸ்பூன் தேங்காய்த் துருவலை மேலே தூவுவதே உசிதம். நாக்கு தேடுவது அந்த வாசனையைத்தான். காய்கறிகளைப் பற்றி நீட்டவில்லை; கொல்லையில் ஒரு வாழையும் ஒரு முருங்கையும் ஒரு பப்பாளியும் நிற்கும் வீட்டார், ஊட்டியிலிருந்து வரும் கேரட்டுக்கும் பீன்ஸுக்கும் விலை கேட்டு நிற்பது அவசியமில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பப்பாளிக்காய் கூட்டில் சுரைக்காயின் வேலையைக் குறைவறச் செய்யும்.

கடற்கரை ஊரில் மீனைப் பேசாமல் விட முடியாது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த 61 நாட்களில் பெரிய மீனின் விலை சாமானியரை விட்டு விலகிவிடுகிறது. விருந்தாளிக்கு வஞ்சிரமோ வாவலோ வைக்காவிட்டால் மரியாதைக் குறைவு என்ற எண்ணமும் உடன் சேர்ந்துகொள்கிறது. ஆனால் தடைக்காலத்திலும் நாட்டுப்படகுகள் கொண்டுவரும் மத்தி, நெத்திலி, காரப்பொடி ஆகிய சிறு மீன்களில், முள்ளோடு மென்று உண்ணும்போது கிடைக்கும் சுண்ணாம்புச் சத்தை வஞ்சிரத் துண்டு தராது. மத்தியில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு இருதயத்துக்கு நன்மை செய்வது. அதுவும் அகப்படாதபோது, ஒரு கைப்பிடி நெத்திலிக் கருவாட்டை வெந்நீரில் அலசி உப்பைக் கழித்து, கத்தரிக்காயும் மொச்சையுமிட்டுக் குழம்பு வைத்தால், ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அன்றைய மீன்குறை தீரும். அந்தக் குழம்புக்குத் தனியே உப்பிடுவதை ருசி பார்த்த பின்பே தீர்மானிக்க வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கருவாட்டை அடிக்கடி நாடுவதும் நல்லதன்று.

மாற்று உணவு என்ற பேச்சை மக்கள் சந்தேகத்தோடு கேட்பதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றபின், சென்னை மாகாணம் பத்தாண்டுக் காலம் ரேஷனில் உழன்றது. ராஜாஜி 1952இல் கட்டுப்பாட்டை நீக்கும்வரை அரிசியே வீட்டுப் பேச்சின் பெரும் பொருளாயிருந்தது. அந்நாளில் மத்திய உணவு அமைச்சராக இருந்த கே. எம். முன்ஷி தானியமல்லாத உணவைப் பிரசாரம் செய்தார். அவருடைய மனைவி லீலாவதி முன்ஷி முயன்று நடத்திய ‘அன்னபூர்ணா’ உணவகங்களில் அரிசியும் கோதுமையும் இல்லாத சாப்பாடு கிடைத்தது. 1950 அக்டோபரில் மைசூரில் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில், அதன் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியனின் தலைமையில், மரவள்ளி மாவையும் எண்ணெய் எடுத்த நிலக்கடலை மாவையும் கலந்து அரிசிக்கு மாற்று உருவாக்கும் ஆராய்ச்சிகள் நடந்தன. விஞ்ஞானத்தில் அவற்றுக்குப் பெருமதிப்பு உண்டு. வீட்டுச் சமையலறைக்குள் அவை நுழையவில்லை. காரணம் எனக்குத் தெளிவாகத் தோன்றுகிறது: மாற்று என்பது மேலிருந்து, பஞ்சத்தின் முகத்தோடு, தெரியாத பொருளாக வந்தது. 1970களில் இலங்கையில் உணவகங்கள் வாரத்தில் இரு நாள் சோறு பரிமாறக்கூடாது என்று அரசு கட்டளையிட்டதை அங்குள்ளவர்கள் இன்றும் கசப்போடுதான் நினைவுகூர்கிறார்கள். ஆனால் அதே காலத்தில் மிளகாய், வெங்காய இறக்குமதி தடுக்கப்பட்டபோது யாழ்ப்பாணத்து விவசாயிகள் தம் தோட்டத்து விளைவால் நாட்டின் தேவையை நிரப்பிச் செழித்தார்கள். அருகில் விளைவது, ஏற்கெனவே நாக்குக்குப் பழக்கமானது, இரண்டும் கூடினால்தான் மாற்று நிலைக்கும். பச்சைப்பயறு வரிச்சிக்குடிக்கு அந்த இரண்டு யோக்யதையும் உடையது.

எல்லா மாற்றும் நன்மையன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். துவரையின் விலை ஏறும்போதெல்லாம் கேசரிப் பருப்பு அதில் கலப்படமாக நுழைகிறது. ஒரு பக்கம் வெட்டினாற்போல் கோணலான முகம் கொண்ட அந்தப் பருப்பைத் தொடர்ந்து மிகுதியாக உண்டவர்களுக்குக் கால்கள் முடங்கிப்போனதால்தான், 1961இல் அதன் விற்பனை பல மாநிலங்களில் தடை செய்யப்பட்டது. மலிவாக, பொட்டலமிடாமல் விற்கும் பருப்பை வாங்கும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும். மரவள்ளிக் கிழங்கை நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். பச்சையாக உண்பது ஆபத்து. பருப்புக்குப் பதில் மசாலாப் பொட்டலமும், பாலுக்குப் பதில் வெள்ளைப் பொடியும், கீரைக்குப் பதில் ஒன்றுமில்லாமையுமாக முடிகிற சிக்கனம் வைத்தியர் வீட்டில் வட்டியோடு கணக்குத் தீர்க்கும்.

இவை எல்லாவற்றையும்விட என் மனத்தை வருத்துவது வேறொன்று. வீட்டில் பணம் குறையும்போது முதலில் மாற்றிக்கொள்கிறவள் சமைக்கிறவளே. பிள்ளைகளுக்குப் பருப்பையும், கணவனுக்கு மீனையும் எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் ரசத்தையும் ஊறுகாயையும் கொண்டு தன் சோற்றை முடித்துக்கொள்ளும் தாயை நாம் தியாகி என்று புகழ்கிறோம். 2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. புகழ்ச்சியால் அந்த இரத்தம் ஊறாது. எனவே மாற்றுச் சமையலைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘இல்லத்தரசியின் சாமர்த்தியம்’ என்று அவள் தலையிலேயே முழுப் பாரத்தையும் வைத்துவிட்டு விலகக்கூடாது. ஆண்கள் முருங்கைக்கீரையை உருவிக் கொடுக்கவும், பயற்றங்குழம்பைப் பார்த்தவுடன் முகம் சுளிக்காமல் உண்ணவும், எல்லோரும் ஒரே வேளையில் ஒரே பாத்திரத்திலிருந்து பரிமாறிக்கொள்ளவும் பழகாத வீட்டில், எந்த மாற்றும் சமைப்பவளின் பங்கைக் குறைக்கும் மாற்றாகவே முடியும்.

அரசுக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது. நண்டலாற்றைத் தாண்டித் தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைந்தால், 2007 முதல் நடந்துவரும் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் ரேஷன் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. இந்தப் பக்கம் புதுச்சேரி மாநிலத்தில், அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் என்று பல ஆண்டுகள் மூடிக்கிடந்த ரேஷன் கடைகள், 2024 அக்டோபரில் தீபாவளியை ஒட்டித்தான் மறுபடி திறக்கப்பட்டன. இலவச அரிசி வருவதை வரவேற்கிறேன், ஆனால் அரிசி மட்டும் ஏழையின் தட்டை நிறைக்குமே தவிரப் போஷிக்காது. தமிழ்நாட்டைப் பார்த்து இங்கேயும் துவரை கொடுங்கள் என்று கேட்பது சுலபம். அதைவிட நியாயமான கோரிக்கை ஒன்று உண்டு. காரைக்கால் மாவட்டத்து வயல்களில் பங்குனி, சித்திரையில் அறுக்கப்படும் பச்சைப்பயறையும் உளுந்தையும், வியாபாரி களத்துமேட்டில் சொல்லும் விலைக்கு விட்டுவிடாமல், மத்திய அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலையில் கூட்டுறவு மூலம் அரசே கொள்முதல் செய்து, சுத்தம் செய்து, அதே மாவட்டத்து ரேஷன் கடைகளில் குடும்பத்துக்கு மாதம் ஒரு கிலோவாவது வழங்க வேண்டும். விளைவித்தவனுக்கு நல்ல விலை, வாங்குபவளுக்கு நிச்சயமான பருப்பு, இடையே லாரிச் செலவு சொற்பம். நன்றாகக் காய்ந்த பயறு ஆடி, ஆவணி தாண்டியும் கெடாது. மீன்பிடித் தடையும் குறுவைக்கு முந்திய வேலையின்மையும் ஒன்றுசேரும் வைகாசி மாதத்தில், கூலிக் குடும்பங்களின் கையிருப்பு வறண்டிருக்கும் வேளையில், அது முதன்முதலாகக் கடைகளுக்கு வந்து சேர்ந்தால் மெத்த உபயோகமாயிருக்கும்.